சேலையூர் வீட்டு நிழலும் வண்ண இலைச் செடிகளும்

பூவுக்காகவோ காய்க்காகவோ அன்றி இலையின் நிறத்துக்காகவும் கோலத்துக்காகவும் மட்டுமே வளர்க்கப்படும் செடிகளைத் தோட்டக்கலை நூல்கள் இலையழகுச் செடிகள் என்று தனியே வகைப்படுத்துகின்றன. அவற்றுள் ஒரு பிரிவு, வெப்பமண்டலக் காடுகளின் உயர்ந்த மரங்களுக்கு அடியில் வடிகட்டி இறங்கும் ஒளியில் வாழப் பழகி, ஆண்டுதோறும் விதைக்க வேண்டிய தேவையின்றித் தண்டாலோ கிழங்காலோ பல்லாண்டு நிலைத்திருப்பதாகும். கலேடியம், அக்லோனிமா, கலாத்தியா, டைஃபன்பேக்கியா, கோலியஸ் முதலியவை இப்பிரிவில் அடங்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய சென்னைத் தென்புறநகர்கள், இத்தகைய செடிகளுக்கு இயல்பாக ஒவ்வும் இடமென்று எவரும் கருதமாட்டார். ஆயினும் 1970களிலும் 1980களிலும் இப்பகுதியில் எழுந்த தனிவீடுகளில், இவற்றில் இரண்டு மூன்று வகையேனும் இல்லாத வீட்டைக் காண்பது அரிதாயிருந்தது. செடி தானாக வந்துவிடவில்லை. அதற்கு முன்பே அவ்வீடுகளில் நிழல் வளர்க்கப்பட்டிருந்தது என்பதும், அந்நிழலின் தன்மையை மணிக்கணக்கில் கவனித்து அறிந்த பெண்கள் அவ்வீடுகளில் இருந்தனர் என்பதுமே அதற்குக் காரணம். அவ்வறிவு எந்த நூலிலும் எழுதப்படாமல் கைவழியாகவே கடத்தப்பட்டது என்பதால், அதைக் கண்டு வளர்ந்தவர்கள் பதிவுசெய்து வைப்பது கடமையாகிறது.

கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின், நகரத்தில் வேலைபார்த்துப் புறநகரில் குடியிருக்கும் வாழ்க்கை இங்கே மெல்ல உருவாயிற்று. ரயில்வே, விமானப்படை நிலையம், தோல் தொழிற்சாலை, அரசு அலுவலகங்கள் ஆகியவற்றில் பணிபுரிந்தோர் ஒரு கிரவுண்டு, ஒன்றரை கிரவுண்டு மனைகளை வாங்கினர். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. மனையின் நடுவில் வீட்டைக் கட்டிச் சுற்றிலும் இடம் விடுவதும், வீடு கட்டி முடிவதற்கு முன்பே வேலியோரம் மாங்கன்றும் தென்னம்பிள்ளையும் வேம்பும் நட்டுவிடுவதும் அன்றைய வழக்கம். பல்லாவரத்துக் குன்றுகளில் வெட்டியெடுக்கப்படும் கருங்கல், நிலவியலார் சார்னகைட் என்று அழைக்கும் மிகப் பழைய பாறைவகை. அக்குன்றுகளைச் சுற்றியுள்ள மண் பெரும்பாலும் சரளை கலந்த செம்மண். நீர் எளிதில் வடியக்கூடியதும் மக்கு குறைந்ததுமான இம்மண்ணில், மரம் பத்தாண்டுகளில் கிளைபரப்பி இலையுதிர்த்து மண்ணின் மேல் ஒரு மூடாக்கை உண்டாக்கிய பின்னரே, நிழற்செடிகள் வாழ இடம் கிடைத்தது.

இக்கட்டுரையாளர் வளர்ந்த சேலையூர் வீட்டில் நிழல் ஒன்றாக இருக்கவில்லை, பலவாக இருந்தது. வடகிழக்கு மூலையில் நின்ற வேம்பின் நிழல் மென்மையானது. சிறு இலைகளின் இடையே புகுந்த வெயில் தரையில் ஓயாது அசைந்துகொண்டிருந்ததால், எந்த இலையின் மீதும் அது நெடுநேரம் தங்கவில்லை. கொல்லைப்புற மாமரத்தின் நிழலோ நடுப்பகலிலும் இருண்டது. அதன் அடியில் புல் கூட முளைக்கவில்லை. வீட்டுக்கும் தெற்கு மதிற்சுவருக்கும் இடைப்பட்ட மூன்றடிச் சந்து, காலையில் ஒருமணி நேரம் நேர்வெயில் பெற்றுப் பின்பு நாள் முழுவதும் சுவரின் நிழலில் கிடந்தது. ஆனால் அச்சுவர் பகலெல்லாம் வெப்பத்தை உண்டு இரவில் உமிழ்ந்தது. முன்புறத் தாழ்வாரத்தின் நிழல் இவை அனைத்திலும் வேறு. அங்கே ஒளி பக்கவாட்டிலிருந்து மட்டுமே வந்ததால், தொட்டிகளை வாரத்துக்கொருமுறை திருப்பி வைக்காவிட்டால் செடி தெருப்பக்கம் சாய்ந்து வளரும்.

வீட்டுத் தலைவியான கட்டுரையாளரின் தாயார், ஒரு செடியை எங்கே வைப்பது என்று முடிவுசெய்யும் முன், முற்பகலிலும் நடுப்பகலிலும் மாலையிலும் அவ்விடத்தில் உள்ளங்கையை விரித்துத் தரையில் விழும் நிழலைப் பார்ப்பார். விரல்களின் ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் அது வெயில். கைவடிவம் தெரிந்தும் ஓரம் கலங்கியிருந்தால் அது அரைநிழல். கைநிழலே விழாவிட்டால் அது முழுநிழல். ஒளிமானி என்னும் கருவி இன்றி ஒளியின் அளவை மதிப்பிட இதைவிட நம்பத்தக்க முறை இன்றும் இல்லை எனலாம். வேம்பின் அடியில் கலேடியமும் கோலியஸும், மாமரத்து அடர்நிழலில் அக்லோனிமாவும் டைஃபன்பேக்கியாவும், தாழ்வாரத்தில் கலாத்தியாவும் பெகோனியாவும், சந்தின் கிழக்குமுனையில் குரோட்டன்ஸும் இடம்பெற்றது இச்சோதனையின் விளைவே. துணி துவைக்கும் கல்லிலிருந்து நீர் வழிந்தோடிய ஈரத்தில், செந்நிற இலையுடைய கல்வாழை ஒருவரும் நடாமலே பெருகி நின்றது.

புறநகர் வழக்கில் வண்ண இலையுடைய எச்செடியும் குரோட்டன்ஸ் என்றே வழங்கப்பட்டாலும், இக்கட்டுரையில் அப்பெயர் கோடியேயம் வேரிகேட்டம் என்னும் ஒரே இனத்தைக் குறிக்கும். இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளிலிருந்து பசிபிக் தீவுகள் வரை இயல்பாக வளரும் இச்செடியை, அம்போன் தீவில் வாழ்ந்த ரம்பியஸ் என்னும் தாவர ஆய்வாளர் 17ஆம் நூற்றாண்டிலேயே விவரித்திருக்கிறார். 1860களில் ஐரோப்பிய நாற்றங்கால் நிறுவனத்தார் பசிபிக் தீவுகளிலிருந்து புதிய வகைகளைத் திரட்டிச் சென்றபின், அது பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகளின் தோட்டங்களிலெல்லாம் பரவிற்று. சென்னையில் 1835இல் தொடங்கப்பட்டுக் கதீட்ரல் சாலையில் இயங்கிய வேளாண்-தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்திலிருந்து நாற்று வாங்கிவருவது நகரத்துக்கு வேலைக்குச் சென்றவர்களுக்கு ஒரு பெருமையாக இருந்தது. சேலையூர் வீட்டுச் சந்தின் முனையில் நின்ற குரோட்டன்ஸும் அவ்வாறு ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவரப்பட்டதே.

எனினும் அயல்நாட்டுச் செடி என்னும் எண்ணம் இப்புறநகர்ப் பெண்களிடம் இருக்கவில்லை. அதற்குத் தக்க காரணமும் உண்டு. இச்செடிகளில் பலவற்றுக்கு நெருங்கிய உறவு தமிழ்நாட்டுக் கொல்லையிலும் அடுக்களையிலும் ஏற்கெனவே இருந்தது. கோலியஸின் தண்டு துளசியின் தண்டைப் போலவே நாற்பட்டையானது. சளிக்குச் சாறெடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் கற்பூரவள்ளி அதே பேரினத்தைச் சேர்ந்தது, திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதியினர் பொங்கலன்று குழம்பில் இடும் சிறுகிழங்கும் அதே பேரினத்தைச் சேர்ந்தது. கலேடியம் சேப்பங்கிழங்கின் குடும்பம். செம்பு நிறமும் சிவப்புத் திட்டும் கொண்டு வீட்டு முகப்பை அழகுசெய்யும் அகாலிஃபா, வேலியோரக் குப்பைமேனியின் பேரினம். மேற்புறம் பச்சையும் அடிப்புறம் செந்நிறமுமான எக்சோகேரியா என்னும் புதர்ச்செடி, சிதம்பரத்தின் தலமரமாகிய தில்லையின் பேரினம். கோலியஸ் தண்டைத் தடவிப்பார்த்தே துளசிக்குச் செய்யும் பக்குவமெல்லாம் இதற்கும் பொருந்தும் என்று தாயார் முடிவுகட்டினார். நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வரும், பூக்கதிரை விட்டால் இலை சிறுக்கும், தண்டை ஒடித்து நட்டால் வேர்விடும் என்னும் மூன்று விதிகளும் அவருக்கு எவரும் கற்பிக்காமலே தெரிந்திருந்தன. உறவறிந்தால் பராமரிப்பும் பாதி அறியப்படும் என்பதற்கு இது நல்ல சான்று.

உறவு எச்சரிக்கையும் தந்தது. சேப்பங்கிழங்கைத் தொட்டால் கை அரிப்பதற்கும், புளி சேர்த்துச் சமைப்பதற்கும் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிகள், அதாவது செல்களுக்குள் கற்றையாகக் கிடக்கும் நுண்ணிய படிகங்கள், கலேடியம், டைஃபன்பேக்கியா, அக்லோனிமா ஆகிய மூன்றிலும் உள்ளன. இலையைக் கடித்த குழந்தையின் நாவும் தொண்டையும் எரிந்து வீங்கும். சேம்பு அரிக்கும் என்று அறிந்தவர்கள் இவற்றைத் தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்தனர். குரோட்டன்ஸும் எக்சோகேரியாவும் பால் வடிப்பவை. தில்லைப் பால் கண்ணில் படலாகாது என்னும் பழைய எச்சரிக்கை இவற்றுக்கும் சொல்லப்பட்டது.

இலைக்கு நிறம் வரும் வழிகள் பலவாதலால், நிழலுக்கு அவை நடந்துகொள்ளும் முறையும் பலவாகிறது. பச்சையம் ஒளியைப் பிடித்து உணவாக்கும் நிறமி. மஞ்சளும் ஆரஞ்சும் தருவன கரோட்டினாய்டுகள். சிவப்பும் ஊதாவும் தருவன ஆந்தோசயனின்கள். வெண்மையான பகுதியில் பெரும்பாலும் நிறமியே இல்லை. அப்பகுதி தனக்கென உணவு தயாரிக்காமல் பச்சைப் பகுதியின் உழைப்பில் வாழ்கிறது. வெள்ளைவரி மிகுந்த செடி மெதுவாக வளர்வதும், அதே செடியில் எப்போதேனும் முழுப்பச்சையாக ஒரு கிளை தோன்றினால் அது மற்றவற்றை மிஞ்சி ஓங்குவதும் இதனாலேயே. அக்கிளையை அடியோடு நறுக்காவிட்டால் இரண்டு ஆண்டுகளில் செடி முழுவதும் பச்சையாகிவிடும். பெகோனியா, பைலியா முதலியவற்றின் வெள்ளிப்பட்டை நிறமியால் ஆனதன்று. மேல்தோலுக்கு அடியிலுள்ள காற்றிடைவெளிகள் ஒளியைச் சிதறச் செய்வதால் தோன்றுவது, ஆகவே நிழலிலும் அது மங்குவதில்லை. இவற்றுக்கு மாறாக, குரோட்டன்ஸின் நிறம் ஒளியை நம்பியிருக்கிறது. போதிய ஒளி கிடைக்காத இடத்தில் புதிய இலைகள் பச்சையாகவே தங்கிவிடும். நஞ்சுண்டான் கீரை என்றும் இலச்சைகெட்ட கீரை என்றும் வழங்கும் சிறுமரத்திலும் இதைக் காணலாம். வெயிலில் எலுமிச்சை மஞ்சளாக மின்னும் அதன் இலை, நிழலில் சாதாரணப் பச்சையாகிவிடுகிறது.

புறநகரின் வீட்டுத்தோட்டங்களைப் பற்றிப் பேசும்போது, அவற்றுக்கு அருகே இருந்த காட்டைக் குறிப்பிடாமல் விடமுடியாது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது, சேலையூர்க் காட்டுப்பகுதியின் முட்புதர் நிலம் அதன் வளாகமாயிற்று. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் தாவரவியலில் தீராத ஈடுபாடு கொண்டவர். நீலகிரியின் அரிசேமா என்னும் பேரினத்தை ஆராய்ந்து எழுதியவர், கல்லூரி வளாகத்தில் மரங்கள் நட்டு அதை உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்டவர். அரிசேமாவும் சேப்பங்கிழங்கின் குடும்பமே. மலைச்சோலையின் நிழலில் புள்ளியிட்ட காம்போடு மழைக்கு முளைத்து, மழை முடிந்தபின் கிழங்காக அடங்கிவிடும் அதன் வாழ்க்கைமுறை, வேம்பின் அடியில் கலேடியம் நடத்தும் வாழ்க்கையை அப்படியே ஒத்தது.

அவ்வளாகத்தின் புதர்க்காட்டில், சோழமண்டலக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சங்கள் உள்ளன. அவற்றின் அடிநிழலில், பச்சையின் மேல் கரும்பச்சைப் பட்டைகள் குறுக்கே ஓடும் வாள்போன்ற இலைகளோடு கூட்டம்கூட்டமாக நிற்பது மருள் என்னும் செடி. நாரெடுத்து வில்நாணாகத் திரித்த பழமை இதற்கு உண்டு. நாற்றங்கால்களில் இன்று விலைக்கு விற்கப்படும் மேற்கு ஆப்பிரிக்கப் பாம்புச்செடிக்கு இது நெருங்கிய உறவு. உள்ளூர் நிழலுக்கு உள்ளூர் மண்ணே தந்த வண்ண இலைச்செடி இதுவொன்றே என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் புறநகர் வீடுகளில் மருளைத் தொட்டியில் வைத்தவர் மிகச் சிலர். சேலையூர் வீட்டின் மாமரத்தடியில் அது ஒரு வரிசையாக நின்றது. நீரூற்றாத மாதங்களிலும் அதற்கு ஒன்றும் நேராததை நினைக்கும்போது, அதன் மீது காட்டப்பட்ட அலட்சியம் வருத்தம் தருகிறது.

பராமரிப்பில் முதலில் பேச வேண்டியது மண். சேலையூர் வீட்டில் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்றுமணல், இரண்டு பங்கு மக்கிய சாணமும் மாவிலை மக்கும் என்ற அளவில் கலவை தயாரானது. மாவிலை மட்குவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். அதற்கெனக் கொல்லை மூலையில் ஒரு குழி இருந்தது, அதிலிருந்து அடிமண்ணை மட்டுமே எடுப்பார்கள். இன்று எங்கும் கிடைக்கும் தேங்காய்நார்க் கழிவு அந்நாளில் புழக்கத்துக்கு வரவில்லை. நாற்றங்கால் செடிகளில் பெரும்பகுதி ஆந்திரத்து ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியத்திலிருந்து லாரிகளில் வருவது. வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இறுகப் பிடித்திருக்கும். அவ்வுருண்டையை நீரில் ஊறவைத்துக் கரைக்காமல் அப்படியே தொட்டியில் இறக்கினால், சுற்றியுள்ள இளகிய மண் காய்ந்தும் நடுவிலுள்ள களி நனைந்தும் இருக்கும். அந்நிலையில் வேர் அழுகும்.

இரண்டாவது நீர். கிணற்று நீரை நம்பியிருந்தவரை சிக்கல் குறைவு. 1990களில் வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு வந்தபின், பாறையிடுக்குகளிலிருந்து ஏறிய கடினநீர் இலைகளில் வெண்புள்ளிகளாகக் காய்ந்தது. அந்நீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் மண்ணைக் காரத்தன்மையுடையதாக்க, இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாமற் போனது. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் இலை தோன்றுவது அதன் அடையாளம். கலாத்தியா இதை முதலில் காட்டும். அதன் இலைவிளிம்பு தீய்ந்ததுபோல் பழுக்கும். மழைநீர்ச் சேகரிப்பு 2000களின் தொடக்கத்தில் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்டபோது, தாயார் கூரைநீரின் ஒரு பகுதியைச் சிமெண்டுத் தொட்டியில் பிடித்துக் கலாத்தியாவுக்கும் பெகோனியாவுக்கும் ஒதுக்கிவைத்தார். குரோட்டன்ஸும் மருளும் எந்த நீரையும் ஏற்றன.

கலேடியத்தின் ஓய்வுக்காலம் பலரை ஏமாற்றுவது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உச்சத்தில் நின்ற இலைகள், தை பிறந்ததும் ஒவ்வொன்றாக மஞ்சளாகிச் சாயும். செடி இறந்ததென்று தொட்டியைக் கவிழ்ப்பவரும், நீர் போதவில்லையென்று மேலும் ஊற்றிக் கிழங்கை அழுகவிடுபவரும் உண்டு. இலை சாயத் தொடங்கியதும் நீரைப் படிப்படியாகக் குறைத்து, முற்றும் காய்ந்தபின் கிழங்கை அகழ்ந்து மணலில் புதைத்துவைப்பதே முறை. குளிர்நாட்டார் தம் நிழல்களுக்கென வளர்க்கும் ஹோஸ்டா, ஹியூக்கெரா முதலியவை பனிக்கால ஓய்வை வேண்டுபவை என்பதால் தாம்பரத்தில் நிலைப்பதில்லை. ரெக்ஸ் பெகோனியாவும் உதகை, கொடைக்கானல் கண்ணாடிமனைகளில் காட்டும் செழிப்பை இங்கே காட்டுவதில்லை. கலேடியமோ கோடையையே தன் ஓய்வாக்கிக்கொண்டு தப்புகிறது. நம் பருவத்துக்கு இதனினும் பொருந்திய செடி வேறில்லை.

பூச்சிகளில் மாவுப்பூச்சியே பெரும்பகை. கிளைக்கணுவில் வெண்பஞ்சாக ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் இதனை, வேப்பெண்ணெயும் காதிச் சோப்பும் கரைத்த நீரில் துணியை நனைத்துத் துடைத்தே கட்டுப்படுத்தி வந்தனர். ஆனால் 2008இல் கோயம்புத்தூரில் முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் தமிழகத்தின் பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களை அழித்துப் புறநகர் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. மதிற்சுவரோரச் செம்பருத்தியும் அகாலிஃபாவும் மாவு தூவியதுபோல் வெளுத்து நின்ற அந்நாள்களில், துடைப்பதும் தெளிப்பதும் பயன்தரவில்லை. பெண்கள் கண்ணீரோடு தாங்கள் வளர்த்த செடிகளை வெட்டி எரித்தனர். 2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்னும் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அளவினதான ஒட்டுண்ணிக் குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிப்பது, வேளாண் ஆய்வு நிறுவனங்களால் மாநிலமெங்கும் விடப்பட்டது. ஓராண்டுக்குள் வெண்மை மறைந்தது. வீட்டுத்தோட்டம் வைத்திருந்தோரில் பெரும்பாலோர் தம் செடிகளைக் காத்தது எதுவென்று அறியாமலே போயினர்; உயிரியல் கட்டுப்பாட்டு முறையின் இவ்வெற்றி இன்னும் பரவலாகச் சொல்லப்பட வேண்டியது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த பகுதிகளும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. மேட்டில் இருந்த சேலையூர் வீட்டில் தொட்டிகள் நிரம்பி வழிந்ததோடு சேதம் நின்றது. நிழற்செடிகளுக்கு உண்மையான பேரிழப்பு அடுத்த ஆண்டில் வந்தது. 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலில், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விசையில் வீசிய காற்று, புறநகரின் மரங்களைத் தெருவுக்குத் தெரு சாய்த்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவின் காடு பெருமளவு முறிந்தது. கல்லூரி வளாகமும் தப்பவில்லை. சேலையூர் வீட்டின் மாமரம் வேரோடு பெயர்ந்து சந்தின் மீது விழுந்தது, வேம்பு நடுவில் பிளந்தது.

மார்கழி வெயில் இளமையானதாகையால் அதன் விளைவு உடனே தெரியவில்லை. மாசி பிறந்தபின், மாமரத்து அடிநிழலில் முப்பது ஆண்டுகளாகத் தழைத்திருந்த அக்லோனிமாவின் இலைகளில் முதலில் வெள்ளைத்தேமல் போன்ற திட்டுகள் தோன்றி, பின்பு அத்திட்டுகள் காகிதமாய் உலர்ந்து பழுப்பாயின. நிழலில் விரிந்த இலை பரந்தும் மெலிந்தும், கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் தவறவிடாமல் பிடிக்கும்படி பச்சையத்தைச் செறித்தும் அமைந்தது. திடீரென ஒளிவெள்ளம் பாய்ந்தால் பிடித்த ஆற்றலைச் செலவிட வழியின்றி அவ்விலையின் பச்சையமே சிதைந்துபோகிறது. பழைய இலை தன்னை மாற்றிக்கொள்ள இயலாது. வெயிலில் விரியும் புதிய இலை மட்டுமே தடித்துச் சிறுத்து வெயிலுக்கேற்ப அமையும், அதுவரை செடி உயிரோடிருந்தால். பெரும்பாலானவை இருக்கவில்லை. பச்சை நிழல்வலை கட்டிக் காப்பாற்றப்பட்ட சிலவும் பழைய வளத்தை எய்தவில்லை; வலை வெயிலைக் குறைக்குமே தவிர, மரத்தைப் போல் இலைகள் வழியே நீராவியை வெளியிட்டுக் காற்றைக் குளிர்விக்காது.

அதே மாதங்களில், எவரும் எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. மாமரத்தின் கிளைகள் ஆண்டுக்காண்டு பரந்து சந்தின் முனைவரை இருளடையச் செய்திருந்ததால், கதீட்ரல் சாலையிலிருந்து வந்த குரோட்டன்ஸ் நெடுங்காலமாக வெறும் பச்சைப்புதராக நின்றிருந்தது. வீட்டின் இளையவர்கள் அதை வண்ணச்செடி என்றே அறிந்திருக்கவில்லை. மாமரம் வீழ்ந்த இடைவெளியில் வெயில் இறங்கியதும், கோடைக்குள் விரிந்த புதிய இலைகள் மஞ்சள் நரம்போடு தோன்றி, நாளாக நாளாக ஆரஞ்சும் குங்குமச் சிவப்புமாக முதிர்ந்தன. வீட்டின் அடர்நிழற்செடிகளில் பெரும்பாலானவை மடிந்த ஆண்டிலேயே இச்செடி தன் நிறத்தை மீண்டும் பெற்றது. தாயார் மாமரத்துக்காக அழுததையும், குரோட்டன்ஸின் நிறத்தைத் தெருவினரை அழைத்துக் காட்டியதையும் ஒருங்கே கண்டவர்க்கு, நிழலென்பது மிகுதியும் குறைவுமாகச் செடிக்குச் செடி வேறுபடும் ஓர் உணவு என்பது நன்கு விளங்கிற்று.

சில ஆண்டுகளில் அத்தெருவின் தனிவீடுகள் ஒவ்வொன்றாக அடுக்ககங்களாயின. சேலையூர் வீடும் அவ்வாறே மாறியது. மனையின் ஓரத்தில் எஞ்சிய மண்ணில் நடப்பட்ட ஒரு வேம்பு இன்று இரண்டாம் மாடி உயரம் வந்துள்ளது. கட்டடங்கள் ஒன்றையொன்று மறைக்கும் இடத்தில் உண்டாகும் நிழல் மரநிழலினும் இருண்டது, ஆனால் அசைவற்றது, காற்றோட்டமும் குறைந்தது. எதிர்வீட்டுக் கண்ணாடிச் சாளரத்தில் பட்டுத் திரும்பும் மாலைவெயில் அங்கே சிலநேரம் எதிர்பாராமல் இலையைச் சுடும். இத்தகைய நிழலுக்கு இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் உருவாக்கப்பட்ட சிவப்பு அக்லோனிமாக்கள் மிகவும் பொருந்துகின்றன. கிரெக் ஹம்பாலி என்னும் இந்தோனேசியத் தாவரவியலார் சுமத்ராவின் காட்டு அக்லோனிமாவைக் கலப்பினம் செய்து உருவாக்கிய சிவப்பு வகையே இவற்றுக்கு முன்னோடி. வேளச்சேரி–தாம்பரம் சாலையோர நாற்றங்கால்களில் அவை இன்று வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

நீரைப் பொறுத்தவரை அடுக்ககம் ஒரு நன்மையைத் தந்திருக்கிறது. அறைக் குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து திரண்டதாகையால் உப்பற்றது. வாளியில் பிடித்துக் கலாத்தியாவுக்கு ஊற்ற அதைவிட ஏற்ற நீர் கோடையில் கிடைப்பதில்லை. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி கழித்துவிடும் நீரோ உப்பு செறிந்தது. 2019இன் வறட்சியில் அதை நிழற்செடிகளுக்கு ஊற்றிய பல வீடுகளில் இலைநுனிகள் கருகின.

பழைய வீட்டின் செடிகளில் இன்றும் எஞ்சியிருப்பவை மூன்று: குரோட்டன்ஸின் விண்பதியன், அதாவது கிளையில் பட்டையை வளையமாகச் சீவி ஈரப்பாசியால் கட்டி வேர்விடச் செய்து பிரித்தெடுத்த கன்று, கிழக்கு பால்கனியில். மருள், மாடிப்படித் திருப்பத்தில். கலேடியக் கிழங்குகள், வேம்பின் அடியில். கிழங்குகள் ஆண்டுதோறும் பக்கக்கிழங்கு விட்டுப் பெருகுவதால், கோடைமழை ஒன்று விழுந்ததும் அவற்றைப் பிரித்துக் கண் மேல்நோக்க இரண்டு விரல் ஆழத்தில் ஊன்றியபின் மிஞ்சியவை மற்ற மாடியினர்க்குப் பகிரப்படுகின்றன. எண்பதைத் தாண்டிய தாயார் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்க வந்தவரிடம், "உங்க பால்கனி எந்தப் பக்கம் பாத்திருக்கு? சாயங்காலம் மூணு மணிக்கு வெயில் எங்க நிக்குது?" என்று கேட்கிறார், விடைதெரியாதவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பார்த்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ளுமாறு திருப்பி அனுப்பப்படுகிறார்.